காற்றில்லா வாழ்வுக்குக் கொஞ்சம் காற்று

ஒரு பானை நீரை நன்றாகக் கொதிக்க வைத்து, மூடி ஆற வைத்து, அதில் ஒரு மீனை விட்டால் என்ன ஆகும்? வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பவர்கள் உடனே விடை சொல்லிவிடுவார்கள். மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளக்கும். சற்று நேரத்தில் செத்தும் போகலாம். நீரில் நஞ்சு எதுவும் இல்லை. கொதித்தபோது நீரில் கரைந்திருந்த காற்று முழுவதும் வெளியேறிவிட்டது, அவ்வளவுதான். 20 டிகிரி வெப்பநிலையில் காற்றோடு உறவாடும் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். அந்த அற்பமான 9 மில்லிகிராம்தான் மீனின் உயிர்.

பீர் தயாரிப்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட் கிடைக்கும். மால்ட்டை நொறுக்கி வெந்நீரில் ஊற வைத்து வடித்தால் இனிப்பான சாறு கிடைக்கும். அதை ஆங்கிலேயர் 'வோர்ட்' என்பார்கள். கசப்புக்காக ஹாப் பூக்களைப் போட்டு அதை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்க வைப்பது வழக்கம். கொதித்து ஆறிய அந்தச் சாற்றில் நம் பானை நீரைப் போலவே ஆக்சிஜன் அறவே இல்லை. அதில் ஈஸ்ட்டை இட்டால் அது சோம்பிக் கிடக்கிறது. சில நாள் வேலை செய்துவிட்டுச் சர்க்கரை மீதியிருக்கும்போதே நின்றுவிடுகிறது. எனவே சாற்றுக்குக் காற்று ஊட்ட வேண்டும் என்று எந்தக் கைநூலைப் புரட்டினாலும் எழுதியிருக்கிறது.

இங்கே உங்களுக்கு ஓர் ஐயம் எழ வேண்டும். எழாவிட்டால் பள்ளிப் பாடத்தை மறந்துவிட்டீர்கள் என்று பொருள்! நொதித்தல் என்பது காற்றில்லாமல் நடப்பது என்றல்லவா படித்தோம்? "காற்றில்லா வாழ்வே நொதித்தல்" என்பது லூயி பாஸ்டரின் கொள்கை அல்லவா? காற்றே வேண்டாத வேலைக்கு எதற்காகக் காற்று? இந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைக்க ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் ஆயின.

(ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் உரிமமின்றி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். இது செய்து பார்ப்பதற்கான குறிப்பன்று. ஒரு சிறிய உயிரின் தேவையை மனிதன் எப்படிப் புரிந்துகொண்டான் என்ற வரலாறு.)

தெரியாமல் கிடைத்த காற்று

பழைய மதுவாலைகளில் ஆக்சிஜனைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஆக்சிஜன் என்று ஒன்று இருப்பதே 1770-களில்தானே தெரிய வந்தது! ஆனாலும் அவர்களுடைய சாற்றுக்குப் போதுமான காற்று கிடைத்துக்கொண்டே இருந்தது. காரணம், அவர்கள் சாற்றை ஆற வைத்த விதம்.

கொதிக்கும் சாற்றை, கட்டடத்தின் உச்சியில் அமைத்த ஒரு பெரிய தட்டையான தொட்டியில் விடுவார்கள். பரப்பு ஓர் அறை அளவு. ஆழமோ ஒரு சாண்தான். சுற்றிலும் காற்றுப் புகும்படி சுவரில் சாய்ந்த பலகைகள் இருக்கும். இரவெல்லாம் சாறு அங்கே ஆறும். அகன்று பரந்து கிடப்பதால், குளிரக் குளிர ஆக்சிஜனும் கரைந்துகொண்டே வரும். திரவம் குளிர்ந்தால் வாயு மிகுதியாகக் கரையும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. பிறகு தொட்டியிலிருந்து கால்வாய் வழியாகக் கீழே விழும்போது இன்னும் கொஞ்சம் காற்று கலக்கும். பின்னர் வந்த குளிர்விப்பான்களில், உள்ளே குளிர்நீர் ஓடும் குழாய்களை ஏணிப்படி போல அடுக்கி, அவற்றின் வெளிப்புறத்தில் சாற்றை மெல்லிய படலமாக வழிய விட்டார்கள். அதிலும் காற்று தாராளமாகக் கலந்தது.

மதுவாலைக்காரர் நினைத்தது ஆற வைப்பதை மட்டுமே. காற்றூட்டம் கேளாமல் வந்த கொடை. கூடவே கேளாமல் வந்த மற்றொன்றும் இருந்தது. காற்றில் மிதந்த நுண்ணுயிர்கள் எல்லாம் அந்த அகன்ற தொட்டியில் இறங்கின. கோடைக் காலத்தில் பீர் புளித்து வீணாயிற்று. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரிலுள்ள காந்தியோன் போன்ற சில மதுவாலைகள், காற்றில் வரும் அந்த நுண்ணுயிர்களையே நம்பி, இன்றும் இத்தகைய தொட்டிகளைப் பயன்படுத்துகின்றன. மற்றவர்களுக்கு அது தீராத தலைவலி.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் மட்டும் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. அங்கே நொதிகலம் கல்லால் ஆன சதுரத் தொட்டி. அதற்கு மேல் ஒரு மாடி. அந்த ஊர் ஈஸ்ட் விரைவில் கட்டி கட்டியாகத் திரண்டு ஒதுங்கிவிடும். ஆகவே கீழ்த்தட்டிலுள்ள சாற்றை அவ்வப்போது மேலே இறைத்து, விசிறி போல விரித்துத் தெளிப்பார்கள். ஈஸ்ட்டைத் தட்டி எழுப்புவது என்றுதான் அதற்குப் பெயர். கிணற்றிலிருந்து இறைத்துக் கிணற்றிலேயே கொட்டுவது போலத் தோன்றும் இந்த வேலையை அவர்கள் வீணாகச் செய்யவில்லை. டாட்காஸ்டர் ஊரிலுள்ள சாமுவேல் ஸ்மித் மதுவாலையில் கல் தொட்டிகள் இன்றும் புழங்குகின்றன.

பாஸ்டரும் அவருடைய எதிரியும்

1870-71 போரில் ஜெர்மனி பிரான்சைத் தோற்கடித்தது. பாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. பான் பல்கலைக்கழகம் தமக்கு அளித்திருந்த கௌரவப் பட்டத்தைத் திருப்பி அனுப்பினார். அத்தோடு நில்லாமல், ஜெர்மானியர் புகழ்பெற்றிருந்த பீர்த் தொழிலிலேயே அவர்களை வெல்லக் கருதினார். ஷமாலியேர் என்ற ஊரில் ஒரு சிறு மதுவாலையில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1871-இல் லண்டன் சென்று, விட்பிரெட் மதுவாலையில் நுண்ணோக்கி வழியாக ஈஸ்ட்டைப் பார்த்து, எந்தக் கலம் கெட்டது என்று சொன்னார். அடுத்த முறை அவர் சென்றபோது அங்கே ஒரு புது நுண்ணோக்கி வாங்கி வைத்திருந்தார்களாம்! இந்த ஆராய்ச்சிகளின் பயனாக 1876-இல் பீரைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது.

ஈஸ்ட்டுக்கும் காற்றுக்கும் உள்ள உறவை அவர் 1861-லேயே அளந்திருந்தார். காற்று இல்லாதபோது 1 பங்கு ஈஸ்ட் உண்டாக 60 முதல் 80 பங்கு சர்க்கரை செலவாகிறது. காற்று தாராளமாக இருந்தால் 4 முதல் 10 பங்கு சர்க்கரையே போதும். காற்று இருந்தால் ஈஸ்ட் செழிக்கிறது, மது குறைகிறது. காற்று இல்லாவிட்டால் ஈஸ்ட் மெலிகிறது, மது பெருகுகிறது. ரொட்டிக்கு ஈஸ்ட் தயாரிப்பவர்கள் பிற்காலத்தில் இதைப் பெரிதும் பயன்படுத்திக்கொண்டார்கள். முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும், ஓயாமல் காற்றை ஊதிக்கொண்டே சர்க்கரைப் பாகைச் சிறுகச் சிறுக ஊட்டும் முறை உருவாயிற்று. சர்க்கரையை ஏன் சிறுகச் சிறுகத் தர வேண்டும் என்பதற்குப் பின்னால் வருவோம்.

பாஸ்டர் சொன்னதை எல்லோரும் ஏற்கவில்லை. 1870-களில் ஆஸ்கர் பிரெஃபெல்ட் என்ற ஜெர்மானியக் காளான் ஆய்வாளர் நேரடியாக மறுத்தார். ஆக்சிஜன் இல்லாமல் ஈஸ்ட் பெருகவே பெருகாது என்பது அவர் வாதம். அவர் சோதனையில் பெருகவில்லை. பாஸ்டரின் சோதனையில் பெருகியது. இருவரும் கைதேர்ந்த சோதனையாளர்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. பாஸ்டர் தம் நூலில் ஒரு விளக்கம் தந்தார். இளமையான, துடிப்பான ஈஸ்ட்டை எடுத்தால் அது காற்றில்லாமலும் பெருகும். கிழட்டு ஈஸ்ட் பெருகாது. கிழட்டு ஈஸ்ட்டுக்குச் சிறிது ஆக்சிஜன் காட்டினால் அது மீண்டும் இளமை பெறும். பிரெஃபெல்ட் பின்னர் தம் கூற்றைத் திருத்திக்கொண்டார். வெற்றி பாஸ்டருக்கு என்று உலகம் எழுதியது.

ஆனால் 'இளமை' என்றால் என்ன? அது ஓர் உவமைதானே! ஈஸ்ட்டுக்குள் இருக்கும் எந்தப் பொருள் இளமை? பாஸ்டரிடம் விடை இல்லை. இருந்திருக்கவும் முடியாது, அதற்கு வேண்டிய வேதியியல் அப்போது பிறக்கவில்லை.

பொருத்தமில்லாத கணக்கு

ஈஸ்ட் சுவாசிப்பதற்காகத்தான் ஆக்சிஜனைக் கேட்கிறது என்று நெடுங்காலம் எண்ணினார்கள். நீங்களும் அப்படித்தான் எண்ணியிருப்பீர்கள். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம், வாருங்கள்.

வீட்டில் பீர் தயாரிக்கும் அமெரிக்கர்கள் வழக்கமாக 5 கேலன், அதாவது சுமார் 19 லிட்டர் சாறு எடுப்பார்கள். அதில் நொதிக்கக்கூடிய சர்க்கரை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. ஈஸ்ட் அதை முழுதும் சுவாசித்து எரிக்க வேண்டுமானால் ஒன்றரைக் கிலோவுக்கும் சற்று மேல் ஆக்சிஜன் வேண்டும். சாற்றில் கரையக்கூடிய ஆக்சிஜனோ லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம். சர்க்கரை கரைந்திருப்பதால் நீரைவிடச் சற்றுக் குறைவு. மொத்தம் 150 மில்லிகிராம். அஃதாவது தேவையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு! பத்தாயிரம் பேர் பந்தியில் ஒருவருக்கு மட்டும் இலை போட்டது போல. இது உணவாக இருக்க முடியாது. இந்த அளவு நமக்கு வைட்டமினை நினைவூட்டுகிறது.

இன்னொரு சான்றும் உண்டு. சர்க்கரை மிகுதியாக இருக்கும் இடத்தில், ஆக்சிஜன் கிடைத்தாலும் பீர் ஈஸ்ட் சுவாசத்தை ஒதுக்கிவிட்டு மதுவைத்தான் ஆக்குகிறது. புற்றுநோய்த் திசுக்களில் இதை ஒத்த ஒரு செயலை 1929-இல் கிராப்ட்ரீ என்பவர் கண்டார். ஈஸ்ட்டுக்கும் அப்பெயர் 1966-இல் சூட்டப்பட்டது. ரொட்டி ஈஸ்ட் ஆலைகளில் சர்க்கரையைச் சிறுகச் சிறுகத் தருவதன் இரகசியம் இதுதான். நம் சாறோ தொடக்கத்திலேயே பாயசம் போல இனிப்பது. அங்கே சுவாசத்துக்கு இடமே இல்லை. பிறகு அந்த 150 மில்லிகிராம் எங்கே போகிறது?

1953-லும் 1954-லும் ஆண்ட்ரியாசன், ஸ்டையர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இரண்டு கட்டுரைகளை வெளியிட்டார்கள். ஆக்சிஜனை மிகக் கவனமாக விலக்கிய குடுவைகளில், இன்னின்ன பொருள் இவ்வளவு என்று வரையறுத்த ஊட்டக் கரைசலில் ஈஸ்ட்டை வளர்த்தார்கள். வளர்ச்சி நின்றது. பிறகு ஒவ்வொரு பொருளாகச் சேர்த்துப் பார்த்தார்கள். எர்கோஸ்டெரால் என்ற பொருளைச் சேர்த்ததும் ஈஸ்ட் வளர்ந்தது. அதனுடன் ஓலியிக் அமிலம் போன்ற நிறைவுறாக் கொழுப்பமிலம் ஒன்றும் வேண்டியிருந்தது. இவ்விரண்டும் இருந்தால் ஆக்சிஜன் இல்லாமலே ஈஸ்ட் பெருகியது!

எர்கோஸ்டெரால் நம் உடலிலுள்ள கொலஸ்டிராலுக்குச் சிற்றப்பன் மகன் முறை. ஈஸ்ட்டின் செல் சவ்வு இளகியும் உறுதியாகவும் இருக்க அது இன்றியமையாதது. சவ்வு கெட்டால் ஈஸ்ட் சர்க்கரையை உள்ளே இழுக்க முடியாது. பெருகிவரும் மதுவையும் தாங்க முடியாது. இப்பொருளை ஈஸ்ட் தானே ஆக்கிக்கொள்ளும். ஆனால் ஆக்கும் வழியில் ஒரு படியில் ஸ்குவாலீன் என்ற நீண்ட மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணுவைப் பொருத்தியாக வேண்டும். அந்த அணு நீரிலிருந்தோ சர்க்கரையிலிருந்தோ வராது. காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்துதான் வர வேண்டும். கொழுப்பமிலத்தில் இரட்டைப் பிணைப்பு உண்டாக்கவும் அதே ஆக்சிஜன் தேவை. கொலஸ்டிரால், கொழுப்பமில ஆராய்ச்சிக்காக 1964-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான கோன்ராட் பிளாக், இவ்வேதி வினைகளைத் துலக்குவதில் பெரும் பங்கு ஆற்றினார்.

இப்போது பிரெஃபெல்ட்டின் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்லலாம். காற்றோட்டத்தில் வளர்ந்த ஈஸ்ட்டின் உலர் எடையில் ஏறத்தாழ 1 விழுக்காடு ஸ்டெரால் இருக்கும். காற்றில்லா இடத்தில் அது பிரியும்போது தாயும் மகளும் இருப்பதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று அரையாகும், அரை காலாகும், கால் அரைக்காலாகும். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்ற நிலை வந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். மூன்று தலைமுறைக்குள் பாகப்பிரிவினையில் சொத்துத் தீர்ந்துவிடுகிறது. பாஸ்டர் எடுத்தது சொத்து நிறைந்த ஈஸ்ட், ஆகவே பெருகியது. பிரெஃபெல்ட் சொத்தில்லாத ஈஸ்ட்டைப் பார்த்தார்; அது பெருகவில்லை. பாஸ்டர் 'இளமை' என்றது இந்தச் சேமிப்பைத்தான். என் கருத்தில் பிரெஃபெல்ட்டுக்கு வரலாறு சற்று அநீதி செய்துவிட்டது. நெடுநாள் ஓட்டத்தில் ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவில் அவர் சொன்னது சரியே.

மூடிய குழாயும் திறந்த வாளியும்

இக்கண்டுபிடிப்பு வந்த காலமும் பொருத்தமானது. 1923-இல் ரிச்சர்ட் செலிக்மன் என்பவர் இங்கிலாந்தில் தகடுகளை அடுக்கிய வெப்பமாற்றியை அமைத்தார். முதலில் அது பாலுக்குத்தான் பயன்பட்டது. பின்பு மதுவாலைகளிலும் புகுந்தது. ஒரு தகட்டுக்கு இப்பக்கம் சூடான சாறு, அப்பக்கம் குளிர்நீர். சில விநாடிகளில் சாறு ஆறிவிடும். எல்லாம் மூடிய குழாய்க்குள்; ஒரு கிருமியும் நுழையாது. ஆனால் காற்றும் நுழையாது அல்லவா! பழைய தொட்டி இலவசமாகக் கொடுத்துவந்ததைப் புதிய இயந்திரம் நிறுத்திவிட்டது. ஆகவே ஆலைகள் தூய காற்றை அல்லது ஆக்சிஜனைக் குழாய்க்குள் செலுத்தத் தொடங்கின.

ஆலைக்குப் பணம் உண்டு. வீட்டில் தயாரிப்பவர் என்ன செய்வார்? பிரிட்டனில் 1963-இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங், வீட்டுப் பீருக்கு உரிமம் வேண்டும் என்ற விதியை நீக்கினார். அமெரிக்காவில் 1978-இல் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இருவர் உள்ள குடும்பம் ஆண்டுக்கு 200 கேலன் வரை வரியின்றித் தயாரிக்கலாம். சமையலறையில் பெரிய பாத்திரத்தில் கொதிக்க வைத்து, குளிர்நீரில் வைத்து ஆற்றும் இவர்களுக்கும் அதே ஆக்சிஜன் பஞ்சம்.

மீண்டும் நம் கணக்குக்கு வருவோம். 150 மில்லிகிராம் ஆக்சிஜன் எவ்வளவு காற்றில் இருக்கிறது தெரியுமா? அரை லிட்டருக்குச் சற்று மேற்பட்ட காற்றில்! ஒருமுறை நாம் இழுத்து விடும் மூச்சின் அளவு. பொருள் பஞ்சம் இல்லை. அதைக் கரைப்பதுதான் வேலை. திரவத்தின் பரப்பை விரித்துக் காட்டினால் போதும், காசு செலவில்லை. நம் டீக்கடைக்காரர் ஒரு குவளையை உயரத் தூக்கி மற்றொன்றில் ஊற்றி ஆற்றுகிறாரே, அதே வித்தைதான். ஒரு வாளியிலிருந்து மறு வாளிக்கு உயரத்திலிருந்து ஊற்றினார்கள். சல்லடை வழியாக வடித்தார்கள். முட்டை அடிக்கும் கருவியால் கடைந்தார்கள். சாற்றை இறக்கும் வடிகுழாயின் நுனியருகே ஊசித் துளைகள் இட்டார்கள். ஓடும் சாறு துளை வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். கலத்தைப் பாதியளவு காலியாக விட்டு மூடிக் குலுக்கினார்கள். உள்ளே உள்ள காற்றே தேவைக்கு மேல். 19 லிட்டர் கண்ணாடிக் குடுவையைக் குலுக்குவது மட்டும் ஆபத்தான வேலை. ஈரக் கையில் வழுக்கி உடைந்தால் கத்தியை விடக் கொடியது.

அடுத்து வந்தது மீன்தொட்டிப் பம்பு. நுனியில் நுண்துளைக் கல் ஒன்றைப் பொருத்திக் குமிழிகளை விடுவார்கள். குமிழி சிறிதானால் மொத்தப் பரப்பு கூடும், கரைவதும் கூடும். ஆனால் சாற்றிலுள்ள புரதம் நுரையாகப் பொங்கி வழியும். நிறுத்தி நிறுத்தித்தான் ஊத வேண்டும். அறைக் காற்றிலுள்ள கிருமிகளைத் தடுக்கக் குழாயில் பஞ்சு அடைத்தார்கள். பஞ்சினால் காற்றை வடிகட்டலாம் என்று ஷ்ரோடர், டுஷ் என்ற இரு ஜெர்மானியர் 1854-லேயே காட்டியிருந்தார்கள்! நூற்றாண்டு கடந்த பின்னும் மலிவான வழி அதுதான்.

காற்றைக் கொண்டு எவ்வளவு நேரம் ஊதினாலும் 8 மில்லிகிராமுக்கு மேல் ஏறாது. காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குதான். ஹென்றியின் விதிப்படி கரைவதும் அந்த அழுத்தத்துக்கு ஏற்பவே. தூய ஆக்சிஜன் உருளையைப் பொருத்தினால் அதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு கரைக்கலாம். சர்க்கரை மிகுந்த, கெட்டியான சாறுகளுக்கு அது தேவைப்படும். அவற்றில் வாயு குறைவாகக் கரைகிறது, ஈஸ்ட்டின் தேவையோ கூடுதல். சாதாரண பீருக்கு வாளியே போதும். அளவு மீறி ஊட்ட முடியாது என்பதே மலிவு முறையின் பாதுகாப்பு என்று நான் சொல்வேன்.

நேரமும் முக்கியம். சாறு சூடாக இருக்கும்போது காற்றைக் கலந்தால், ஆக்சிஜன் கரைவதும் குறைவு. சாற்றின் பொருள்களோடு சேர்ந்து நிறத்தையும் கெடுக்கும். ஆறிய பின், ஈஸ்ட் இடும் வேளையில் ஊட்டினால் சில மணி நேரத்தில் ஈஸ்ட் அத்தனையையும் உறிஞ்சிவிடும். நொதித்தல் முடிந்த பிறகு அதே ஆக்சிஜன் பகையாகிறது. பீரில் ஈர அட்டைப் பெட்டியின் வாடை அடிக்கத் தொடங்கும்.

இக்காலத்தில் பொட்டலத்தில் வரும் உலர் ஈஸ்ட்டை முதன்முறை இடும்போது சாற்றுக்குக் காற்றே ஊட்ட வேண்டாம் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். ஏன் என்று நீங்களே சொல்லிவிடலாம். ஆலையில் ஓயாத காற்றில், சிறுகச் சிறுக ஊட்டி வளர்த்த ஈஸ்ட் அது. ஸ்டெரால் நிறைந்த கையோடு வருகிறது. அதே ஈஸ்ட்டை அறுவடை செய்து மறுமுறை இட்டால் காற்று வேண்டும்.

காற்றை அடியோடு விலக்க ஒரு முயற்சியும் நடந்தது. அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள நியூ பெல்ஜியம் மதுவாலையில், சேமிப்பிலுள்ள ஈஸ்ட்டுக்குக் காற்றுக்குப் பதிலாக ஆலிவ் எண்ணெயை ஊட்டிப் பார்த்தார்கள். முடிவுகள் 2008-இல் வெளியாயின. ஆலிவ் எண்ணெயில் ஓலியிக் அமிலம் மிகுதி. நொதித்தல் முடியச் சற்றுக் கூடுதல் நேரம் பிடித்தாலும் பீர் நன்றாகவே வந்தது. செய்தி பரவியதும் வீட்டுத் தயாரிப்பாளர்கள் ஆலிவ் புட்டியைத் தேடினார்கள். 19 லிட்டருக்குத் தேவைப்படுவது ஒரு சொட்டில் ஒரு சிறு பங்குதான். ஊசி முனையை எண்ணெயில் தொட்டு ஈஸ்ட்டில் தோய்த்தார்கள். ஆனால் ஆண்ட்ரியாசனும் ஸ்டையரும் கேட்ட இரண்டு பொருள்களில் ஒன்றுதான் அந்தப் புட்டியில் இருக்கிறது. எர்கோஸ்டெரால் அதில் இல்லை. அதற்கு ஈஸ்ட் தன் பழைய சேமிப்பையே நம்ப வேண்டும். ஆகவே பெரும்பாலோர் வாளியைத் தூக்கி ஊற்றுவதை இன்னும் விடவில்லை.